நாற்பத்தொரு புள்ளிகள்

குமமோத்தோவில் அன்று ஆசோ மலை புகைந்தது.
வாசலில் நின்ற கார்களின் கண்ணாடியெல்லாம்
சாம்பல் பூத்திருந்தன.
காற்றுக் கூண்டில் இரண்டு சுற்று சுற்றி
கண் மட்டும் தெரிய
இரவு வேலைக்குள் நுழைந்தாள் சகிகோ.

சிலிக்கான் தட்டு சுழல்கிறது.
அதன்மேல் லேசர், ஊசிமுனையளவு, சாய்வாக.
நல்ல பரப்பு
வாங்கிய ஒளியை வாங்கியபடி
எதிர்ப்பக்கம் அனுப்பிவிடும்.
உணரிக்கு ஒன்றும் கிடைக்காது.
இந்த அறையில் கறுப்புதான் சுத்தம்.

நடுவில் ஒரு துகள் கிடந்தால்
ஒளி தடுக்கி விழும்,
நாலாபக்கமும் தெறிக்கும்.
துகளை இங்கே யாரும் பார்த்ததில்லை.
அது சிந்தவைத்ததைத்தான் பார்க்கிறார்கள்.
துகள் பாதியாய்ச் சிறுத்தால்
மினுக்கம் அறுபத்துநான்கில் ஒரு பங்கு.
அதற்கும் கீழே போனால்
பரப்பின் சொந்தச் சொரசொரப்பு
மூட்டமாய் எழுந்து மூடிவிடும்.

திரையில் நாற்பத்தொரு புள்ளிகள்.

உராகாமி வந்து நின்றார்.
"முனேதாவா ஏற்றியது?"
சேர்ந்து பதினோரு நாளான பையன்.
வெளியே சாம்பல்,
முகமூடி ஓரம் எட்டிப்பார்க்கும் ஒற்றை முடி.
காரணங்களுக்குப் பஞ்சமில்லை.
முனேதா குனிந்தான், நிமிரவில்லை.

தட்டைக் கழுவினார்கள். நாற்பத்தொன்று.
திரும்பக் கழுவினார்கள். நாற்பத்தொன்று,
அதே இடங்களில்.

சகிகோ சாய்வொளியை அணைத்தாள்.
உச்சியிலிருந்து செங்குத்தாக இறக்கினாள்.
மேட்டில் கிடக்கும் துகள் என்றால்
சாய்வொளியில்தான் சத்தம் போடும்.
இவை அதில் முனகியதோடு சரி.
நேரொளியில் கத்தின.

துகளே இல்லை. குழி.
வெளியிலிருந்து வந்து ஒட்டியது எதுவுமில்லை;
எங்கோ ஓர் உலையில் படிகம் வளர்ந்தபோது
சில அணுக்கள்
வராமல் போன இடம்.

இல்லாததும் ஒளியைச் சிதறடிக்கும்.
அதை எழுத அறிக்கையில் கட்டமில்லை.
'துகள் எண்ணிக்கை' என்றிருந்த இடத்தில்
பூஜ்யம் போட்டாள்.
கீழே, தட்டு விற்றவரைக் கேட்கவும்.

உராகாமி படித்தார், கையெழுத்திட்டார்,
முனேதாவைத் தாண்டி நடந்து போனார்.

விடியலில் சூரியன் தாழ வந்து
காரின் கண்ணாடியில்
ஒவ்வொரு சாம்பல் பொடியையும் ஏற்றிவைத்தது.
பழக்க தோஷம், எண்ணத் தொடங்கினாள்.
பக்கத்தில் முனேதா
துணியை எடுத்து ஓங்கித் துடைக்கப் போனான்.

"துடைக்காதே, கீறிவிடும்.
தண்ணீர் ஊற்று" என்றாள்.
"மிச்சம் இருந்தால்
இங்கேயும் கொஞ்சம்."