பிரேக்வாட்டர் செவனில் நாலு பேர்

ஹோட்டல் மனேஜர் எண்ணிப் பார்க்கிறார்.
போஸ்டரில் ஏழு. லிஃப்டில் வந்திறங்கியது நாலு.
மிச்ச மூன்று பேரும் எங்கே என்கிறார்,
குறைச்சலாய் வந்த மீன்கூடையைப் பற்றிக் கேட்கிற குரலில்.

சக்ஸபோன் கிங்ஸ்லி மெல்பேர்னில்
பேத்திகளை நீச்சலுக்கு ஏற்றி இறக்குகிறான்.
ட்ரொம்போன் ஒஸ்மண்ட் பொரளைக் கனத்தையில், மதிலோரம்.
ட்ரம்பெட் மெர்வின் மட்டக்குளியில்தான் இருக்கிறான்.
பல்செட் கட்டிய பிறகு அவன் ஊதினால்
சுரத்துக்கு முன்னால் பல் வருகிறது.

இதை எப்படிச் சொல்வது.
"ட்ராஃபிக்" என்றான் சமாதீன்.

ஸ்கா என்றால் என்ன, பைலாவா என்று
இன்னும் கேட்கிறார்கள்.
நீங்கள் கால் வைக்கிற இடத்தில் நான் இல்லை,
கால் தூக்குகிற இடத்தில் இருக்கிறேன் என்பேன்.
கை கீழே போகும்போது சும்மா போகும்.
மேலே வரும்போது மட்டும் கம்பியைத் தொடும்.
சக். சக்.
நாற்பத்தைந்து வருடம் இதுதான் வேலை.
தோள்மூட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்த டொக்டர்
"பெயின்ட் அடிக்கிறவரோ?" என்றார்.

எழுபத்தெட்டில் துறைமுகத்தில் ஸ்ட்ரைக்.
சாமான் இறக்க ஆளில்லாமல் பத்தொன்பது நாள் நின்ற கப்பலில்
சமையற்காரன் ஜமேய்க்காக்காரன்.
இரண்டு போத்தல் சாராயத்துக்கு ஆறு இசைத்தட்டுத் தந்தான்,
ஒன்று கீறல் விழுந்தது.
கொட்டாஞ்சேனையில் ஒஸ்மண்டின் மாடியில்
ஊசி தேயத் தேயக் கேட்டுப் படித்தோம்.
கீறலும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்து
நாலாவது சுற்றில் வருகிற அந்த 'டிக்'கையும்
சமாதீன் படித்துக்கொண்டான்.
இன்றைக்கும் அடிக்கிறான். நாங்கள் திருத்தவில்லை.

எண்பத்திமூன்று ஆடியில்
கொம்பனித்தெருவில் அவன் வீட்டு அரிசிப் பெட்டிக்குள் என் கிற்றார்.
உம்மாவின் அலுமாரிக்குப் பின்னால் நான்.
பதினொரு நாள்.
அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.
ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டில் வாசித்தபோது
கிற்றார் கொஞ்சம் அரிசி மணத்தது.

ஒன்பதாம் மாடி. கீழே கொள்ளுப்பிட்டி,
அப்பால் கடலோரமாய்ப் பாணந்துறை ரயில்.
பேஸ் சோமே தன் இன்சுலினை
பாரின் ஐஸ்பெட்டியில் எலுமிச்சைக்கும் புதினாவுக்கும் நடுவில் வைக்கிறான்.
யொலன்டா கண்ணாடி மாற்றுகிறாள்,
பாட்டுக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்று.
அவளுடைய கீபோர்டில் ஊதுகுழலுக்கு ஒரு பட்டன் உண்டு.
முதல் கிழமை அழுத்திப் பார்த்தோம்,
ஷொப்பிங் கொம்ப்ளெக்ஸ் லிஃப்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.
பிறகு அழுத்தவில்லை.

ஆகவே மெர்வினின் எட்டு அளவும் வெறுமையாய்ப் போகும்.
பேஸ் நடக்கும். நான் கால் தூக்குகிற இடத்தில் நிற்பேன்.
நடுவில் ஒருவரும் இல்லை.
மேசைகளில் இருந்தவர்கள் முதலில்
ஏதோ பழுது என்று நினைத்திருப்பார்கள்.
பிறகு இலங்கை வங்கி லொக்கரில் வேலை செய்கிற ஒரு அம்மா
(அவவே பிறகு வந்து சொன்னா)
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
அந்த வெறுமைக்குள் இறங்கி ஆடத் தொடங்கினா.
இன்னும் இரண்டு பேர். ஒரு வெயிட்டர், தட்டத்தோடு.
நாலாவது சுற்று.
டிக்.

பன்னிரண்டு மணிக்கு மனேஜர் கவர் தந்தார்.
நாலு பேருக்கான காசு, ஒரு சதம் பிசகில்லை.
சாப்பாட்டு டோக்கன் மட்டும்
பழைய பட்டியல்படி ஏழு அடித்திருந்தார்கள்.
சமாதீன் என்னைப் பார்த்தான், நான் யொலன்டாவைப் பார்த்தேன்.
அவள் ஏற்கெனவே வரிசையில் நின்றாள்.

மூன்று வட்டிலப்பக் கோப்பை, வாய்க்கு டிஷ்யூ கட்டி,
கிற்றார் பெட்டிக்குள்.
ஆட்டோக்காரனிடம் மட்டக்குளி என்றேன்,
பள்ளம் பார்த்துப் போகச் சொன்னேன்.
மூன்றும் மெர்வினுக்குத்தான்.
அதற்குப் பல் தேவையில்லை.