கவுண்டருக்கு இந்தப் பக்கம்

மருந்துக் கடையில் பன்னிரண்டு வருடம்
கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்றவள் நான்.
துண்டை வாங்குவேன், மாத்திரை எண்ணுவேன்,
மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு
அடுத்த முகத்தைப் பார்ப்பேன்.

"வாரத்துக்கு ஒரு மணித்தியாலம்.
பாடமெல்லாம் வேண்டாம்,
அவனோடு இருந்தால் போதும்" என்று
பாடசாலையில் கேட்டார்கள்.
சரியென்ற அன்றிரவே
மாட்டேன் என்றிருக்கலாம் போலிருந்தது.

டிலக்ஷன். வயது பதினைந்து.
அம்மா ஜோர்தானில், அப்பா கொழும்பில், ஹார்ட்வெயார் கடையில்.
வியாழன் நாலு மணி, பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடை,
ஆளுக்கொரு மீன் ரோல்ஸ்.
ஏழு வியாழன் அவன் ரோல்ஸை மட்டும் தின்றான்.
நான் மழையைப் பற்றிப் பேசினேன்.
மஸ்கெலியாவில் மழையைப் பற்றிப் பேச
எவ்வளவோ இருக்கிறது;
அதுவும் தீர்ந்தது.

நீர்த்தேக்கம் வற்றி
பழைய கோயிலின் தலை தெரிந்த வாரம்
பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தான்.
பிறப்புச் சான்றிதழில்
இடையில் ஓர் எழுத்தைத் தொலைத்து
அவன் டிலசன்.
"அடையாள அட்டைக்கு இது சரிவருமா, மிஸ்?"

தெரியாது என்றேன்.
உண்மையாகவே தெரியாது.
அன்றுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.
"கேட்டுப் பார்ப்போமா?"

திங்கட்கிழமை லீவு போட்டு
கினிகத்தேனைக்கு இரண்டு பஸ்.
வளைவுக்கு வளைவு எனக்கு வயிறு புரட்ட
ஜன்னலோரம் விட்டுத்தந்தான்.
செயலகத்தில் எழுதுவினைஞர்
அவன் தலைக்கு மேலால் என்னைப் பார்த்துச்
சிங்களத்தில் கேட்டார்.
என்னுடையது மருந்துச் சிங்களம்:
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.
அவனைக் காட்டினேன்.

பேசினான்.
கிரிக்கெட் பிட்டியில் பொறுக்கிய சிங்களம்,
முதலில் தடுமாறி, பிறகு
கேட்ச் பிடித்தவன் மாதிரி வேகமாக.
பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான்.
குரல் ஓரிடத்தில் உடைந்தபோது
நான் நிற்கிறேனா என்று திரும்பிப் பார்த்தான்.
நின்றேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

படிவத்தின் அடியில் ஒரு கேள்வி:
உடன் வந்தவர் என்ன முறை?
அம்மா இல்லை. அக்கா இல்லை.
அவன் மிஸ் என்கிறான், அதுவும் இல்லை.
பேனையை அவனிடமே கொடுத்தேன்.
கொஞ்சம் யோசித்து
"வியாழக்கிழமை" என்று எழுதினான்.

இன்றைக்குத் திங்கள் என்றார் எழுதுவினைஞர்.
வெட்டச் சொன்னார். வெட்டினான்.

திருத்தம் வர மூன்று மாதமாம்.
இதற்கிடையில்
இனி ரோல்ஸ் காசைத் தான்தான் கொடுப்பேன் என்கிறான்.
நான் விடவில்லை.
ஒவ்வொரு வாரமும் கல்லாப்பெட்டிக்கு முன்னால்
சண்டை நடக்கிறது.