ஒட்டுக்குக் கீழே

பாலத்தைத் தூக்கி இறக்குவது என் வேலை.
க்ரோனிங்கனுக்கு வடக்கே, வாய்க்கால் ஓரம்,
படகு ஊதினால் பொத்தானை அழுத்துவேன்.
ஊதாத நேரங்களில்
கண்ணாடிக்கு வெளியே என் தோட்டம்.
அதில் பார்க்க ஒன்றே ஒன்று:
இடுப்புயரச் சிவப்பு மேப்பிள்.

நூற்றிருபது யூரோ.
விலைச்சீட்டை நானும் வீட்ஸ்கேயும்
ஆளுக்கொரு முறை படித்தோம்.
சைக்கிளின் முன்பெட்டியில் பெல்ட் போட்டு
பதினோரு கிலோமீட்டர்
எதிர்காற்றில் கொண்டுவந்தோம்.

நாற்றுப்பண்ணைப் பெண்
என்னைவிட முப்பது வயது இளையவள்.
கையில் ஈரமண்ணோடு கறாராய்ச் சொன்னாள்:
ஆழமாய்ப் புதைக்காதீர்கள்,
வேர் பிரியும் இடம் வெளியே தெரியட்டும்.
உங்கள் ஊர்க் களிமண்ணில் மேடு கட்டி நடுங்கள்.
குழாய்த் தண்ணீர் வேண்டாம், மழைநீர்.
இதோ இந்த முடிச்சுதான் ஒட்டு.
மேலே இருப்பது நீங்கள் வாங்கும் மரம்,
கீழே இருப்பது அதைத் தாங்குகிற மரம்.
கீழேயிருந்து பச்சையாய் எது முளைத்தாலும்
இரக்கம் பார்க்காதீர்கள்.

பார்க்கவில்லை.
ஆறு வருடம்.
பைன் பட்டைகளை வட்டமாய்ப் பரப்பினேன்,
தண்டைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி.
ஆகஸ்ட் வெயிலில் இலைநுனி கருகியபோது
படுக்கை விரிப்பைக் கயிற்றில் கட்டினேன்.
எங்கள் கட்டில் நான்கு நாள் வெறுங்கட்டில்.
"எல்ட்யோ, அதற்குத் தலையணையும் வேண்டுமா கேள்"
என்றாள் வீட்ஸ்கே.

ஒவ்வொரு வசந்தத்திலும்
முடிச்சுக்கு அடியில் ஒரு பச்சைத் துளிர்.
கத்தரி எதற்கு,
கட்டைவிரல் போதும்.
முறியும் சத்தம்கூட வராது.

ஏழாம் வருடம் ஏப்ரல் அவசரப்பட்டது.
மரமும் நம்பிவிட்டது.
மே பாதியில் வரும் குளிர்நாட்களுக்கு
இங்கே புனிதர்களின் பெயர்;
அவர்கள் தாண்டும்வரை யாரும் தக்காளி நடுவதில்லை.
அந்த வாரம் பாலம் பாதியில் சிக்கிக்கொண்டது.
மூன்று இரவு
கிரீஸும் டார்ச்சுமாய் நான் அங்கேயே கிடந்தேன்.
விரிப்பு அலமாரியில், மடித்தபடி.

காலையில் இலைகள்
பிழிந்துபோட்ட தேநீர்ப் பைகளாய்த் தொங்கின.
மறுபடி துளிர்க்கும் என்றார்கள்.
துளிர்க்கவில்லை.
ஜூலையில் நகத்தால் பட்டையைச் சுரண்டினேன்:
பழுப்பு.
ஒரு விரல் கீழே: பழுப்பு.
முடிச்சுவரைக்கும் பழுப்பு.

முடிச்சுக்கு அடியில்
அது.
மூன்று கிளையாய், வெட்கமில்லாமல், முழங்கால் உயரம்.
என் கட்டைவிரல் பழக்கத்தில் போனது.
போய், நின்றது.

வீட்ஸ்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
வாயில் கவ்விய கிளிப்போடு சொன்னாள்:
"நூற்றிருபதில் அதற்கும் சேர்த்துத்தானே கொடுத்தோம்."

செத்ததை ரம்பத்தால் எடுத்தேன்.
பெயர்ச்சீட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை,
இன்னும் ஆணியில் தொங்குகிறது,
இல்லாத ஒருவரின் கதவுப் பலகை.
பச்சைக்குப் பெயர் கேட்டுப்
பண்ணைக்குத் தொலைபேசினேன்.
விதைக்கன்று, அதற்கெல்லாம் பெயர் வைப்பதில்லை என்றார்கள்.

இரண்டு கோடை.
நடைபோகிறவர்கள் இப்போது நிற்பதில்லை.
நாய்கள் நிற்கின்றன.
நானும் விரிப்பு கட்டவில்லை;
அது கேட்கவும் இல்லை.

நேற்று, நவம்பர் ஏழு,
மூடுபனி விலகியதும் பார்த்தேன்.
நரம்போரம் மஞ்சள்,
நடுவில் விடாப்பிடியாய்க் கொஞ்சம் பச்சை,
மற்றதெல்லாம்
கடையில் வாங்க முடியாத ஒரு சிவப்பு.
எட்டு வருடம் காலடியில் வைத்துக்கொண்டு
நான் கிள்ளிக் கிள்ளி எறிந்தது
இதைத்தானா?

படகு ஊதியதாம்.
இரண்டாம் முறையும் ஊதியதாம்.
மணல் ஏற்றிவந்த சிக்கோ
தளத்தில் நின்று கைகளை விரித்துக் கத்துகிறான்,
என் வம்சத்தையே இழுத்து.
பாலத்தில் அவனுக்கான விளக்கு
இன்னும் சிவப்பிலேயே இருந்தது.