அசையாமல் இருக்க எண்பது ராண்ட்

சாட்ஸ்வர்த், யூனிட் ஐந்து, சமூகக் கூடம்.
செவ்வாய் மாலை ஆறு மணி.
அசையாமல் உட்கார்ந்தால்
மணிக்கு எண்பது ராண்ட்.
சேலை கட்டி வரச் சொன்னார்கள்.
ஜூலைக் குளிர்;
கம்பளிச் சட்டையோடுதான் போனேன்.

இருபத்திரண்டு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில்
ஒரு நாளைக்கு நானூறு காலர் தைத்தவள் நான்.
ஒன்றைப்போல ஒன்று இல்லாவிட்டால்
சூப்பர்வைசர் முகத்தில் எறிவாள்.
இங்கே ஏழு பேர்
ஒரே கழுத்தை வரைகிறார்கள்.
ஒன்றைப்போல ஒன்று இல்லை.
யாரும் எறியவில்லை.

வங்கியில் ஓய்வுபெற்ற சத்தியசீலன் மூட்லி
பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி
என் மூக்கை அளக்கிறார்,
கடன் கொடுக்கலாமா என்று பார்ப்பதுபோல.
பல் மருத்துவம் படிக்கிற தெவேஷ்னி
முப்பத்திரண்டையும் வரைந்துவிட்டாள்.
நான் வாயைத் திறக்கவே இல்லை.
கதவோரம், கட்டணம் கட்டாத இடத்தில்,
வெளியே கார்களைக் காவல் காக்கிற சிபோனெலோ.
மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.
இறைச்சி சுட்ட அடுப்பில் மிஞ்சிய கரிதான்
அவன் கையில்.

சும்மா உட்கார்வது சுலபம் என்று நினைத்திருந்தேன்.
முழங்காலில் எறும்பு.
ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு
என் கைப்பையையே பார்க்கிறது.
உள்ளே இரண்டு வாழைப்பழம்,
அதற்குத் தெரிந்துவிட்டது.

ஏழரைக்கு மின்வெட்டு.
அட்டவணையில் எட்டு என்று போட்டிருந்தது.
பென்சில்களைக் கீழே வைக்கும் சத்தம், ஒவ்வொன்றாக.
"அசையாதீங்க ஆன்ட்டி, ஜெனரேட்டர் இருக்கு."
ஜெனரேட்டர் இருந்தது. டீசல் இல்லை.
கதவோரம் கரி தாளில் உரசும் ஓசை மட்டும்
நிற்கவில்லை.

யாரும் பார்க்காத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்
தயாளனை நினைத்தேன்.
கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில் உலைக்கதவு மூடியபோது
விழுந்துவிடுவேன் என்று
ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.
நான் விழவில்லை.
நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை
இறக்கி வைத்தவளுக்கு வருமே ஒரு பெருமூச்சு,
அதுதான் வந்தது.
தும்மலைப்போல மாற்றிக்
கைக்குட்டைக்குள் விட்டேன்.
ஒன்பது வருஷம்.
அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.
மாரியம்மனிடமும் சொன்னதில்லை;
அவளுக்குத் தெரியும் என்பது வேறு.

விளக்கு வந்தது.
படங்களைச் சுவரில் சாய்த்தார்கள்.
மூக்கு சரி. பற்கள் அழகு.
நான்தான் எங்கும் இல்லை.

சிபோனெலோவின் தாளில் முகமே கிடையாது.
இரண்டு தோள்கள், ஒன்று தாழ்ந்து.
இருட்டில் வழிதப்பிய கரி
தாளைத் தாண்டிப் பலகையில் ஓடியிருந்தது.
பெருமூச்சு
இன்னும் முழுதாக வெளியேறாத தோள்கள்.

குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்ததுபோல
கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"
என்ன தெரியும் என்று அவன் கேட்கவில்லை.
"இது நீங்க இல்லை, எங்க அம்மா.
அப்பா சுரங்கத்திலேருந்து இனி வரமாட்டார்னு
கடிதம் வந்த அன்னைக்கு,
தலையிலேருந்து வாளியை இறக்கி வச்சா.
அழுவான்னு நாங்க காத்திருந்தோம்."
மேலே அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அன்றைய கூலியை அப்படியே நீட்டினேன்.
தலையை ஆட்டினான், இல்லையென்று.
தாளைச் சுருட்டி மஞ்சள் சட்டைக்குள் செருகிக்கொண்டு
கார்களிடம் போய்விட்டான்.
என் தோள்கள் அவனோடு போயின,
அவன் அம்மாவுடையவையும்தான்.
எது யாருடையது என்று
பிரித்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டாக்சியில் பதினாறு பேருக்கு நடுவில்
அந்தப் படத்தில் இருந்தபடி
ஒரு தோளைத் தாழ்த்தி உட்கார்ந்து பார்த்தேன்.
பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார்.
நகரவில்லை.
இதற்கு யாரும் கூலி தரப்போவதில்லை,
தெரியும்.