அறுபதா, நூறா

கோத்தகிரியில் என் ஸ்டூடியோ
நீளம் எட்டடி.
ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் துணி, ஒரு குடை விளக்கு,
கடைசி நிமிடத்தில் தலை வாருகிறவர்களுக்கு
நூலில் கட்டிய சீப்பு.

அதனால்தான் இந்தக் கேள்வி.
மேக்ரோ லென்ஸ் ஒன்றுதான் வாங்க முடியும்:
அறுபது மில்லிமீட்டரா, நூறா?

குன்னூரில், மேலே மவுண்ட் ரோட்டில்,
பழைய லென்ஸ் விற்கிற ஆல்பர்ட் போஜன்
மஞ்சள் துணி விரித்து இரண்டையும் வைத்தார்,
அடகு நகை மீட்க வந்தவளைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தபடி.
"அறுபதுன்னா பூச்சி மூஞ்சியில போய் மோதணும்.
நூறுன்னா தள்ளி நிக்கலாம், மரியாதையா."

மரியாதை எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.
விரல்களை விரித்தார்:
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கணக்குப் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் லாங்வுட் சோலையில்
ஈர இலைமேல் உட்காரும்
நகக்கண் அளவுத் தவளைக்கு நூறு நல்லது.
நாலு விரற்கடை நெருங்கினால்
என் நிழலே அதற்கு ராத்திரி.
திங்கள் முதல் சனி வரை முகங்கள்.
பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, கல்யாணப் பேச்சுக்கு ஒரு படம்.
அதற்கு நூறை மாட்டினால்
நான் வாசற்படி தாண்டி நிற்க வேண்டும்,
மேட்டுப்பாளையம் பஸ் என் முதுகை உரசும்.

அறுபதில் ஒரு குறையும் இருந்தது.
போஜன் மறைக்கவில்லை, டார்ச் அடித்தே காட்டினார்.
உள்கண்ணாடி ஓரத்தில் பூஞ்சை,
வெள்ளை நரம்பு நரம்பாக.
எந்த ஜூலையிலோ உள்ளே புகுந்த மூடுபனி
வேர் விட்டிருந்தது.
"டப்பாவுல சிலிக்கா பொட்டலம் போடாத ஆளு வச்சிருந்தது.
நாலாயிரம் கொறச்சிக்கறேன்."

முன்பணம் கொடுத்து
இரண்டையும் ஒரு வாரத்துக்குக் கொண்டுவந்தேன்.

புதன்கிழமை சிவனேஸ்வரி வந்தாள்.
பக்கத்து இ-சேவை மையத்தில் மூன்றாம் முறையாக
மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை.
கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை போய்விட்டதாம்.
"போட்டோவுல தெரியுதான்னு பாருங்களேன்."

அறுபதை மாட்டினேன்.
நாலு விரற்கடை.
அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது.
என் மூச்சில் ஃபோகஸ் நழுவியது.
பிறகு இருவரும் மூச்சை நிறுத்தினோம்,
யாரும் சொல்லாமலே.

திரையில் முதலில் கறை,
காய்ந்து கறுத்த இலைச்சாறு.
குறுக்கே வெடிப்புகள், ஒரு கத்திக் காயம்.
அதற்கெல்லாம் அடியில்
மங்கலாக, வளைந்து வளைந்து—
தேயிலைச் சரிவு மாதிரி என்று எழுதக் கை வருகிறது.
இல்லை.
ரேகை, ரேகை மாதிரியே இருந்தது.

"இருக்குதே" என்றாள்.

படத்தை எடுத்துக்கொண்டு போனோம்.
அந்தப் பையன் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தான்.
சூப்பரா இருக்குக்கா, என்றான்.
மெஷின் படத்தையெல்லாம் பார்க்காது, விரல்தான் வேணும், என்றான்.
கண்ணைப் பார்க்கிற மெஷின் வெள்ளிக்கிழமை வரும், என்றான்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
"வந்தது வந்தாச்சு, மூஞ்சியை ஒண்ணு எடுங்க."
நூறை மாட்டி, ஒரு கால் ரோட்டில் வைத்து எடுத்தேன்.
அறுபதை மாட்டி, உள்ளே வந்து எடுத்தேன்.
முதல் படத்தில் ஒவ்வொரு மயிர்க்காலும்.
இரண்டாவதில் வாசல் வெளிச்சம் பூஞ்சையில் பட்டு
காதோர நரைமுடியைச் சுற்றிக் கொஞ்சம் பனி.
கன்னத்துத் தழும்பை அழிச்சிடவா என்றேன், வழக்கம்போல.
"ஏன், அது உங்களை என்ன பண்ணுது?"
என்று சொல்லி
பனி இருந்ததைத் தொட்டாள்.
நாற்பது ரூபாய்.

அறுபது என்னிடமே தங்கிவிட்டது.
சிலிக்கா பொட்டலத்தோடு ஊறுகாய் டப்பாவில் தூங்குகிறது.
வெள்ளிக்கிழமை கண் மெஷின் வரவில்லை.
ஞாயிறு சோலையில், முழங்கால் ஈரமாக,
நாலு விரற்கடைக்கு வந்துவிட்டேன்.
தவளை குதித்துவிட்டது.
படத்தில் இலை மட்டும்,
அது உட்கார்ந்திருந்த இடம்
அத்தனை கூர்மையாக.