சௌரியம்மாள், செளரியம்மாள்

டோக்கன் நாற்பத்தாறு.
ஐஸ் ஈரம் காயாத பிளாஸ்டிக் பையிலிருந்து
ஆதார் அட்டை, பாஸ்புக், போன வருடத் தாள் ஒன்று.
தடைக்காலப் பணம் இரண்டு வருடமாய் வரவில்லை.
"பேரு பொருந்தலன்னே சொல்லினு கீறாங்க.
எனக்கு இன்னா, பத்துப் பேரா கீது?"

திரையில் இரண்டையும் அருகருகே வைத்தேன்.
சௌரியம்மாள்.
செளரியம்மாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்று புகைத்தன.
"ரெண்டும் ஒண்ணாத்தான கீது" என்றாள்.
ஒன்றாகத்தான் இருந்தது.
இயந்திரம் மட்டும் இல்லை என்றது.
அதற்குக் கண் கிடையாது, கணக்குதான்.

முந்தின நாள் ராயபுரத்திலிருந்து ஒரு பையன்.
கப்பல் வேலைக்கு மனு, பெயர் ரெனே.
ஆங்கிலத்தில் அடிக்கும்போது
கடைசி எழுத்தின் தலையில் சாய்கோடு வேண்டும் என்றான்.
ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு
வலக்கைப்பக்க எண்களில் 0233.
வந்து உட்கார்ந்தது கோடு, கம்பியில் காக்கை மாதிரி.
அனுப்பு என்றதும் கட்டம் சிவந்தது:
செல்லாத எழுத்து.
விரட்டிவிட்டேன்.
"எங்கம்மா கேட்டா இருக்குன்னு சொல்லிடுங்க" என்றான்.

ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற கோடு,
போனால் போனது தெரியும்.
இது?

ரி-க்கு முன்னால் கர்சரை நிறுத்தி
பேக்ஸ்பேஸில் ஒரே தட்டு.
ஆதார் பெயரில் கொம்பும் காலும் சேர்ந்து விழுந்தன.
ச மட்டும் மொட்டையாய் நின்றது.
பாஸ்புக் பெயரில் பின்பாதிதான் போனது.
செ நின்றது,
கொம்பு இன்னும் தலைமாட்டில்.

ஒன்று 2970, 3020.
மற்றது 2970, 3014, 2995.
கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிற கொம்பு
உள்ளே, வரிசையில், ச-வுக்குப் பின்னால்தான் நிற்கிறது.
அதற்கும் பின்னால் ஒரு ள,
ரேஷன் கடை வரிசையில் புகுந்த ஆள் மாதிரி
முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வங்கியில் அடித்தவரைத் திட்ட வாய் வரவில்லை.
தட்டச்சுப் பழகிய விரலாக இருக்கும்.
கொம்பு, ச, ள என்று போனாலும்
தாளில் ஔகாரம்தான் விழும்,
தாள் எதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

"உன் பேர்ல ஒரு ள நுழைஞ்சிருக்குக்கா."
"அம்மாள்ல கீதே, அதுவா?"
"அது இல்ல, இன்னொண்ணு."
"எங்க, காட்டு."
காட்ட முடியவில்லை.
"காட்ட முடியாத ஒண்ணுக்கா
ரெண்டு வருசம் வட்டி கட்டினேன்?"
சிரித்தாள், கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வங்கியில் போய்த் திருத்தலாம்:
மனு, சான்று, மேலாளர் கையெழுத்து, வாரங்கள்.
படிவம் இன்று ஐந்து மணிக்கு மூடுகிறது.
இப்போது மூன்றே முக்கால்.
அது ஒப்பிடப்போவது பாஸ்புக் பெயரோடு.

பத்தாவதில் தமிழுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவள் நான்.
ச.
கொம்பு.
ள.
தெரிந்தே தப்பாக அடித்தேன்.
பச்சையாய் ஒரு டிக் விழுந்தது.

கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சிட்டது.
ரசீது பாதி பிரிண்டரில், பாதி வெளியில்.
அதையே பிடித்து இழுத்துப் பார்த்தாள்:
"நான்தான இது?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

நூல் கட்டிய பேனாவை நீட்டி
பதிவேட்டில் கையெழுத்து கேட்டேன்.
முதலில் கொம்பு, ஒரு சுழி.
அப்புறம் ச.
அப்புறம் பேனாவை எடுக்காமலே ஒரு வளைவு, ஒரு இறக்கம்.
கொம்புக்காலா, ளகரமா?
எட்டிப் பார்த்தேன்.
மை காய்வதற்குள் அதன்மேல்
உள்ளங்கையை வைத்து எழுந்துவிட்டாள்.
செதில் ஒன்று ஒட்டியிருந்தது அங்கே.

டோக்கன் நாற்பத்தேழு.
பேர் சொல்லுங்க.

கௌஸ் பாஷா.