கடைசி எழுத்து உரிந்த படகு

லோயாங்கில், கரையேற்றி,
எட்டு இரும்பு முட்டுகளில் நிற்கிறது.
எண்பத்து நான்காம் ஆண்டுப் படகு,
என்னைவிட மூன்று வயது இளையது.
பின்புறம் ‘சபர்’ என்று பெயர்.
மலாயில் பொறுமை.
கடைசி எழுத்து உரிந்து
பொறுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தானமாய் வந்த மாடல்ல,
பல்லைப் பிடித்தே பார்க்கலாம்.
என் பிழைப்பும் அதுதான்:
பொங்கோலிலும் தெங்காவிலும்
புதுச்சாவி வாங்கியவர்களுக்காகத்
தரை ஓடுகளைத் தட்டித் தட்டி
உள்ளே காற்று நிற்கும் இடத்தில்
நீல ஒட்டுத்தாள் ஒட்டுவது.
நேற்று ஒரே வீட்டில் அறுபத்தொன்று.
அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

அதே குச்சியோடு ஏணியேறி
மேல்தட்டைத் தட்டுகிறேன்.
டக். டக். டக்.
பாய்மரத்துக்கு மூன்றடி முன்னால்
தொப்.
கண்ணாடியிழைக்கு நடுவே வைத்த பால்சா மரம்
தேநீரில் விழுந்த ரொட்டியாய் ஊறிக் கிடக்கிறது.
ஒட்டுத்தாளை எடுத்தேன்.
கீழே நிற்கும் திருமதி மின்ஜூத்தைப் பார்த்துவிட்டு
மறுபடி பைக்குள் போட்டேன்.

படகு அவர் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது.
கணவர் இப்போது பெர்த்தில்,
வேறொருத்தியோடு, வேறொரு படகோடு.

நீர்மட்டத்துக்குக் கீழே அம்மைக் கொப்புளங்கள்.
ஒன்றைக் குத்தினேன், வினிகர் வாடை.
கம்பிவடத்தில் பஞ்சை ஓட்டினேன்,
இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது.
இரண்டு இழை போயிற்று.
இயந்திரம் மூன்றாம் முயற்சியில் இருமி,
வெள்ளைப் புகை விட்டு, மன்னிப்புக் கேட்டது.
பாய்கள் துவைத்துத் துவைத்துத்
தொளதொளத்த வேட்டி.
கழிப்பறைப் பம்பைப் பற்றி
இங்கே வேண்டாம்.

கேட்கும் விலை பதினெட்டாயிரம்.
சரிசெய்ய இருபத்திரண்டு.
பாதிப் பணம் போடும் செங்கதிரை அழைத்தேன்.
“யானை ஓசிதான் போல,
அங்குசத்துக்குத்தான் காசு” என்றான்.
பின்னால் அவன் பிள்ளை
கணக்குப் பாடத்துக்கு அழுதுகொண்டிருந்தது.
“என்ன நிறம்?” என்றும் கேட்டான்.

வெள்ளை. ஒரு காலத்தில்.

குறிப்பேட்டை மூடும்போது அவர் சொன்னார்:
“கீலைச் சரியா பார்க்கலையே லா.”
குனிந்து காட்டினார்.
கீல் உடலோடு சேரும் இடத்தில்
துருக்கண்ணீர், சுண்டுவிரல் நீளம்.
உபின் பக்கம், செக்குடுப் பாறையில்
ஒருமுறை இடித்ததாம்.
“அவர் இல்லை. நான்தான் சுக்கான் பிடிச்சேன்.
அவர் உள்ளே தூங்கினார். எழவேயில்லை.
பதினைந்து வருஷமா சொல்லலே.”

நான் பார்த்த ஒப்பந்ததாரர்கள் எல்லாரும்
விரிசலின் மேல் காலை வைத்து நின்றுகொண்டே
வானிலை பேசுபவர்கள்.
நான் தவறவிட்ட பழுதை
விரல் நீட்டிக் காட்டியவர் எவருமில்லை.
இதற்கு என்ன தொகை எழுதுவது?
வலப்பக்கத்தில் ‘கீல்’ என்று எழுதி
எதிரே வெற்றாக விட்டேன்.
உடனே சந்தேகமும் வந்தது.
ஒன்றைச் சொன்னவர்
எத்தனையைச் சொல்லாமல் வைத்திருப்பார்?
பதினைந்து வருடம் வாய்திறக்காமல் இருக்கத்
தெரிந்தவர் அல்லவா.

தலைக்கு மேல் ஒரு விமானம்
சக்கரங்களை இறக்கிக்கொண்டு போனது.
அது போகும்வரை
இருவரும் பேசாமல் நின்றோம்.
முட்டுக்கும் படகுக்கும் இடையே
ஒரு பல்லி, தன் வீட்டில் இருப்பதைப் போல.

“பதினொன்று” என்றேன்.
என் குரல் எனக்கே கேட்டது,
டக்கா தொப்பா என்று தெரியவில்லை.

அவர் ஓடத்தின் வயிற்றை
உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.
தூசிதான் வந்தது.
அதைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
“பதினொன்றரை,
ஏணியும் சேர்த்து” என்றார்.

ஏணியில் படகுத்தளத்தின் பெயர்
சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது.
எழுத்து ஒன்றும் உரியவில்லை.
நான் எதுவும் கேட்கவில்லை.